உயிர்க் காலேஜுக்குப் போன மாடு

லீவு விட்டால் உயிர்க் காலேஜுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறீர்கள், பிள்ளைகளே. நான் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன் என்று எழுதி வைக்கிறேன்.

பட்டணத்து மிருகக்காட்சி சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நான் படிக்கும்போது அது ரயிலடிக்குப் பக்கத்தில், ஊருக்கு நடுவில் இருந்தது. கம்பிக் கூண்டு, மூத்திர நாற்றம், திரும்ப இடமில்லாத சிங்கம். எண்பதுகளில் அதைப் பட்டணத்துக்கு வெளியே, திண்டிவனம் பஸ் போகிற ரோட்டோரக் காட்டுக்கு மாற்றினார்கள். கம்பி போய் அகழி வந்தது. புலியும் சிங்கமும் பெருகின. பெருகினால் தீனி வேண்டுமே. கிழட்டு மாடு தேடித் தரகர்கள் எங்கள் சந்தை வரைக்கும் வந்தார்கள்.

அப்போதுதான் எனக்கும் உங்கள் பெரியப்பாவுக்கும் பாகம் பிரிந்தது. நிலம் பாதி பாதி. உழவு மாடு ஒரே ஜோடி, அதையும் பிரித்தார்கள். ஏரில் இடப்பக்கம் நடப்பது அவருக்கு, வலப்பக்கம் நடப்பது எனக்கு. விதைப்புக்கு மட்டும் இரண்டையும் சேர்த்துக் கட்டி, முதலில் அண்ணன் நிலம், பிறகு தம்பி நிலம் என்று ஊரார் பேசி முடித்தார்கள். நானும் நம்பினேன்.

மழை பெய்தது. என் மாட்டையும் கட்டி உழுது அவர் மல்லாட்டைக் கடலை விதைத்துவிட்டார். மறுநாள் நான் கலப்பையோடு போனால் அண்ணன் கொட்டகையில் முளைக்குச்சி மட்டும் நிற்கிறது. மாடு எங்கே என்றேன். அண்ணி சாணத்தை அள்ளிக்கொண்டே இருந்தாள். அண்ணன் பல் விளக்கிக்கொண்டு சொன்னார்:

"வித்துட்டேன். உயிர்க் காலேஜுக்கு ஆள் வந்தான், ஓட்டிக்கினு போய்ட்டான்."

அதற்கு இன்னும் உழைக்கத் தெம்பு இருந்தது. அவருக்கும் அது தெரியும்.

"ஈரம் காயறதுக்குள்ள நான் எப்டிண்ணா உழுவறது?"

"புலி ஒண்ணு கேட்டு வாங்கிக்கினு வந்து கட்டுடா. அதுக்கு இப்ப கூண்டு கூட இல்லியாம், சும்மாதான் நிக்குதாம்."

அண்ணி சிரித்தாள்.

ஈர நாளில் எவனும் மாடு இரவல் தர மாட்டான். நானும் உங்கள் அம்மாவும் மண்வெட்டியால் கொத்தினோம். கிணற்றோரம் மட்டும் விதை விழுந்தது. மீதி நிலம் வெடித்துப் போனது.

அந்த வாரமே அதே தரகன் எங்கள் வாசலில் வந்து நின்றான். பெரியப்பாதான் அனுப்பினாராம். ஒற்றை மாட்டை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டான். உங்கள் அம்மா உள்ளேயிருந்தே சொன்னாள்:

"அனுப்புனவர ஓட்டிக்கினு போங்க. அவருதான் நல்லா கொழுத்து இருக்காரு."

அன்றைக்கே மாட்டைப் பனமலைக்கு நடத்திக்கொண்டு போனேன். ஏரிக்குக் கீழே பயிர் செய்கிற ஒருவர், வலத்து மாடு செத்துப்போய் உழவு நின்று தவித்துக்கொண்டிருந்தார். அவர் ஏரில் கட்டி ஒரு சால் ஓட்டிப் பார்த்த பிறகுதான் விலை பேசிக் கயிற்றை அவர் கையில் கொடுத்தேன்.

பின்மழைக்கு வெடித்த நிலத்தில் கொள்ளு தெளித்தேன். காணும் பொங்கலன்று பெரியப்பா தன் பிள்ளைகளோடு அகழிப் புலியைப் பார்க்கப் பஸ் ஏறினார். ஊரார் முன்னால் நல்லவர் போல, உங்களையும் அனுப்பச் சொல்லி ஆள் விட்டிருந்தார். அனுப்ப முடியாது என்றேன். நீங்கள் அழுதீர்கள். அழுதபடியே என்னோடு கொள்ளு பிடுங்கினீர்கள்.