தலைவியின் கைநாட்டு

உள்ளங்கை அளவிலான அந்தத் தகர மைப்பெட்டியின் மூடி துருப்பிடித்திருந்தது. உள்ளே ஊதா மை ஊறிய துணி. கடன் கொடுக்கும் தொண்டு நிறுவனத்தின் அலுவலர் அதைச் சட்டைப்பையில் வைத்தே திரிந்ததால் அவருடைய வெள்ளைச் சட்டைகள் எல்லாவற்றிலும் இடது மார்பில் ஒரு கறை இருக்கும். தொண்ணூறுகளின் பின்பாதியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்தப் பெட்டியைச் சுற்றி ஐந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். திறந்து வைத்து வெகுநேரமாகியும் மூன்று பேர் அதைத் தொடவில்லை.

நான் அப்போது பாளையங்கோட்டையிலிருந்து ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஆழ்வார்திருநகரிக்குப் போகும் வழியில், ஆற்றை ஒட்டிய ஓர் ஊரில், பீடி சுற்றும் பெண்கள் சிறுகடன் வாங்குகிறார்கள், கூடவே எய்ட்ஸ் நோயைப் பற்றித் தெருத் தெருவாகப் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஊரின் பெயரை எழுதமாட்டேன். முதல் நாளே அவர்களுடைய கடன் குழுவின் தலைவி அந்த வாக்கை வாங்கிக்கொண்டார். “ஊர்ப் பேரைப் போட்டியன்னா எங்க பயலுவளுக்கு எவன் பொண்ணு குடுப்பான், அண்ணாச்சி? நோயி ஊர் ஊராப் போவுது, பேரு மட்டும் எங்களுக்கா?” என்றார்.

அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. பாடம் நடத்தும்போதும் மடியில் பீடி இலை பரப்பிய முறம், அவர்கள் பேச்சில் சுளகு, இருக்கும். இலையை மடிப்பதும் தூளை வைத்துச் சுருட்டுவதும் நிற்காது. ஏன் அப்படி என்று கேட்டேன். “கண்ணு சுளகுல கெடந்தா வாயி கூசாது” என்றார். அது உண்மை. முகம் பார்த்துப் பேச முடியாததையெல்லாம் அந்தப் பெண்கள் பீடி இலையைப் பார்த்துப் பேசினார்கள். பம்பாய்க்கும் திருப்பூருக்கும் போய்விட்டுப் பொங்கலுக்குத் திரும்பும் கணவர்களைப் பற்றிய பேச்சு அது. இலைக்கு அடியில் ஆணுறைப் பொட்டலங்கள் இருக்கும். கடைக்குப் பீடி கொடுக்கப் போகும் வழியில் சுளகோடு சுளகாக அவை வீடு மாறும். “உறை இல்லன்னா பாய் தனி. அம்புட்டுத்தான் சொல்லணும். சண்டை போடாண்டாம்” என்று தலைவி சொல்ல, கூட்டத்தில் ஒருத்தி, “எங்க வீட்டுல இருக்கதே ஒரு பாய்தானக்கா” என்றாள். சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. “அப்ப அவரத் தரையில படுக்கச் சொல்லு” என்றார் தலைவி, கண்ணை எடுக்காமலே.

குழுவுக்கு ஒரு விதி இருந்தது. கடன் கேட்பவள் முதலில் ஐந்து வீட்டுப் பெண்களுக்குப் பாடம் சொல்லியிருக்க வேண்டும். தலைவி அவர்களை வாய்ப்பாடுபோலப் பழக்கியிருந்தார். தொட்டால்? பரவாது. ஒரே தம்ளரில் குடித்தால்? பரவாது. ஒரே பாயில் உட்கார்ந்தால்? பரவாது. பிசிறில்லாமல் பதில் வரும். நானும் அதை வியந்து எழுதினேன்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அன்று கடன் கேட்டவள் ஒரு லாரி ஓட்டுநரின் மனைவி. கணவன் நான்கு மாதங்களுக்கு முன் அந்த நோயில் இறந்திருந்தான். செய்தி பரவியதும் பீடிக்கடையில் அவளுக்குச் சுற்ற இலை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அவள் சுற்றியதை எவன் வாயில் வைப்பான் என்பது கடைக்காரரின் கேள்வி. இட்லிக்கடை போடலாம் என்றால் அதற்கும் அதே கேள்வி. தலைவிதான் ஆடு என்று முடிவு செய்தார். “ஆடு அடுத்த வீட்டுக் கத கேக்காதுளா. ரெண்டு வாங்கு” என்றார். இரண்டு ஆடு வாங்கும் பணத்துக்கு மற்ற நான்கு பேரும் பிணை நிற்க வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் பணத்தை அலுவலர் திரும்பக் கொண்டுபோய்விடுவார். அவள் வீட்டில் அதற்கு முந்தைய நாளும் உலை வைக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

கடன் வாங்குபவள்தான் முதலில் கைநாட்டு வைக்க வேண்டும். அவள் பெருவிரலை மையில் அழுத்தித் தாளில் வைத்தாள். பெட்டி அடுத்தவளிடம் நகர்ந்தது. அவள் தன் விரலைப் பார்த்தாள். “வெரல்ல புண்ணு இருக்கு சார்” என்றாள். அடுத்தவள், “வேற மை இல்லியா?” என்றாள். மூன்றாமவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். மூவருமே ஐந்து வீட்டுக்குப் பாடம் சொல்லி முடித்தவர்கள். லாரி ஓட்டுநரின் மனைவி தன் ஊதா விரலை மடக்கி வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

தலைவியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் கையெழுத்துப் போடுபவர். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் சாயங்கால வகுப்புக்குப் போய்த் தன் பெயரின் ஆறு எழுத்துகளைக் கற்றவர். கைநாட்டு என்று ஒரு முறை சொன்ன ரேஷன் கடைக்காரரிடம், “பேனாவக் குடும்வே” என்று கேட்டு வாங்கி எழுதிக் காட்டியவர். அந்த ஆறு எழுத்தைச் சுவரிலும் பால் அட்டையிலும் எழுதிவைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அலுவலர் வழக்கம்போல அவரிடம் பேனாவை நீட்டினார். தலைவி அதை வாங்கவில்லை. சுளகை இறக்கி வைத்தார். மைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, லாரி ஓட்டுநரின் மனைவியின் விரல் பதிந்த குழியிலேயே தன் பெருவிரலை வைத்து அழுத்தினார். தாளில், அவளுடைய ரேகைக்குப் பக்கத்தில் ஒற்றினார். பீடி சுற்றித் தேய்ந்த விரல்; ரேகை சரியாக விழவில்லை, ஓர் ஊதாத் தீற்றல்தான் விழுந்தது.

“ஒங்க மேல தப்பில்ல, ஏட்டி” என்றார். “நான் வாயிக்குத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். கைக்குச் சொல்லிக் குடுக்கல.”

விரலில் புண் என்றவள்தான் முதலில் அசைந்தாள். “தலைவியே கைநாட்டா ஆயாச்சு, எனக்கென்ன கலெக்டர் கையா?” என்று முனகியபடி வைத்தாள். அடுத்தவளும் வைத்தாள். மூன்றாமவள் வைத்த கையோடு விரலைச் சுவரில் பரபரவென்று தேய்த்தாள். தலைவி அதைப் பார்த்தார். ரேகை தாளில் விழுந்திருந்தது, அது போதும் என்பதுபோல இருந்தது அவர் முகம்.

சாட்சிக் கையெழுத்து என்னிடம் கேட்டார்கள். என் பேனாவால் போட்டேன். ஈர மை படாமல் தாளின் ஓரத்தை இடது கை நகங்களால் பிடித்திருந்தேன் என்பது தலைவி என் கையைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. ‘தொட்டால் பரவாது’ என்று இரண்டு கட்டுரை எழுதியவன் நான். “நீங்களும் எழுத்துக்குத்தான் படிச்சிருக்கிய போல, அண்ணாச்சி” என்றார், பைய, எனக்கு மட்டும் கேட்கும்படி. அந்தக் காலையைப் பற்றி நான் அப்போது செய்தி எழுதவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து பாடம் மாறியது. கேள்வி பதிலுக்கு முன் ஒரே தம்ளரில் கடுங்காப்பி சுற்றி வரும். லாரி ஓட்டுநரின் மனைவிதான் முதலில் குடிப்பாள். குடிக்காதவளுக்கு அன்று பாடமும் இல்லை, கடனும் இல்லை. இரண்டு பேர் குழுவை விட்டுப் போனார்கள். தலைவி கூப்பிடப் போகவில்லை. ஆடுகள் குட்டி போட்டன. பீடிக்கடையில் அவளுக்குக் கடைசிவரை இலை கொடுக்கவில்லை. அவளும் பிறகு கேட்கவில்லை. அவளுடைய ரத்தப் பரிசோதனை என்ன சொன்னது என்று நான் விசாரித்ததில்லை. செய்தியாளனாக நான் விசாரிக்காமல் விட்டது அது ஒன்றுதான்.

தலைவி இப்போது இல்லை. மை தொட்டு விரல் வைக்கும் இடமும் அநேகமாக இல்லை. போன மாதம் பாளையங்கோட்டையில் ரேஷன் கடை வரிசையில் நின்றேன். விரலை வைக்க இப்போது ரேகை பார்க்கும் கருவியில் சிறிய கண்ணாடி. எனக்கு முன்னால் இருபது பேராவது வைத்திருப்பார்கள். கண்ணாடியில் அவர்களுடைய வியர்வை மங்கலாகத் தெரிந்தது. என் முறை வந்ததும் விற்பனையாளர் துணியை எடுத்தார். “தொடச்சுத் தரட்டா, சார்?”

“இருக்கட்டும்” என்று பெருவிரலை வைத்து அழுத்தினேன். எடுத்துப் பார்த்தபோது விரலில் ஒரு நிறமும் இல்லை.