கடைசி வீதிக் குழாய்

எங்கள் ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கு நான்தான் ஆபரேட்டர். மோட்டார் போடுவது, வால்வு திறப்பது, தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடர் கலப்பது, கலந்தது போதுமா என்று பார்த்து நோட்டில் எழுதுவது எல்லாம் என் தலையில்தான். வேலைகூடப் பெரிதில்லை, பதில் சொல்லித்தான் மாளாது. தண்ணீர் வந்தால் ஏன் இந்த நேரத்தில் வந்தது என்பார்கள். வராவிட்டால் உங்கப்பன் வீட்டுத் தண்ணீரா என்பார்கள்.

மற்ற ஊர்களில் பவுடர் வாசனை வந்தால் தண்ணீர் சுத்தம் என்று நினைப்பார்களாம். எங்கள் ஊரில் பாதிப் பேர் சாயப்பட்டறைக்கும் ப்ளீச்சிங் பட்டறைக்கும் வேலைக்குப் போகிறவர்கள். அந்த நெடி மூக்கில் ஏறினால் அவர்களுக்குப் பட்டறைக் கழிவுதான் ஞாபகம் வரும். "ஏனுங்க, சாயத்தண்ணியத் தொறந்து உட்டுட்டீங்களா?" என்று குடத்தோடு வந்து நிற்பார்கள். எத்தனை முறை விளக்கினாலும் குடத்துத் தண்ணீர் சாக்கடைக்குத்தான் போகும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

என் வீட்டுக்காரியும் அந்தக் கட்சிதான். நல்லூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் பதினோரு வருடம் ப்ளீச்சிங் துணி அலசியவள். "அங்கதான் நாள் பூரா அந்த நாத்தம். ஊட்டுக்கு வந்தும் அதையே குடிக்கோணுங்களா? கொஞ்சம் கொறைச்சுப் போடுங்க மாமா" என்றாள் ஒரு நாள். எதையும் வாய்விட்டுக் கேட்கிறவள் இல்லை. எனக்கும் ஊரோடு மல்லுக்கட்டிச் சலித்திருந்தது. பாதி அளவு போட ஆரம்பித்தேன். ஒரே வாரத்தில் புகார் நின்றது. அந்த நிம்மதியை வெட்கமில்லாமல் அனுபவித்தேன்.

சோதனை சுலபம். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்து சொட்டு விட வேண்டும். மஞ்சளாக மாறினால் தண்ணீரில் பவுடர் போதுமான அளவு இருக்கிறது. போகப் போகப் பவுடரின் வேகம் குறையும், அதனால் தொட்டிக்கு ரொம்பத் தள்ளியுள்ள குழாயில் பிடிக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். யார் அவ்வளவு தூரம் போவது? தொட்டிக்கு அடியிலேயே ஊராட்சி அலுவலகக் குழாய் இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவரும் அதில்தான் பிடித்தார், பார்க்க வந்த அதிகாரியும் அதில்தான் பிடித்தார். பாதிப் பவுடருக்கும் அங்கே லேசாக மஞ்சள் வந்தது. நோட்டில் 'சரி' என்று எழுதினேன். கடைசிக் குழாய் என் வீதியில், என் வீட்டுக்கு எதிரில் இருந்தது.

ஐப்பசி மழையில் அந்த வீதிக்கு வரும் குழாய் சாக்கடையைத் தாண்டும் இடத்தில் விரிசல் விட்டு, சாக்கடை உள்ளே கசிந்திருந்தது. யாருக்கும் தெரியவில்லை. தீபாவளி கழிந்து சில வாரத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை, ஓயாத வாந்தி. ஒரு நாள் காலை தலை வாரிக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பினாள். தண்ணீரில் வரவேண்டிய மஞ்சள் அவள் கண்ணில் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் எதிர்க் குழாயில் தண்ணீர் பிடித்துச் சொட்டு விட்டேன். நிறம் மாறவில்லை. இன்னும் இரண்டு சொட்டு விட்டேன். அப்போதும் மாறவில்லை.

"நாந்தானுங்களே கொறைக்கச் சொன்னேன்" என்று கட்டிலில் படுத்தபடி அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. "கேட்டது நீதான். போட்டது நானு. இங்க வந்து பாக்காமயே சரின்னு எழுதுனதும் நானு" என்று சொல்லிவிட்டேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

விரிசலை அடைத்தோம். முழு அளவு பவுடர் போட்டேன். புகாரும் குடங்களும் திரும்ப வந்தன. கேட்டுக்கொண்டு நிற்பேன், அளவைக் குறைப்பதில்லை.

இரண்டு மாதம் அவள் காய்ச்சிய தண்ணீர்தான் குடித்தாள். பிறகு ஒரு நாள் காலை குழாய்த் தண்ணீரை டம்ளரில் எடுத்து முகர்ந்து முகம் சுளித்தாள். குடிக்காமல் என்னிடம் நீட்டினாள்.

"சரியா இருக்குதுங்களா?"

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கண்ணாடிக் குழாயைக் கொண்டுவந்து, டம்ளர்த் தண்ணீரில் கொஞ்சம் ஊற்றி, அவள் முன்னால் சொட்டு விட்டேன். இருவரும் பார்த்தோம். மஞ்சள் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு டம்ளரில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தாள்.

இப்போதும் தினமும் காலையில் அந்தக் கண்ணாடிக் குழாயை எடுத்துவரச் சொல்கிறாள். என் வாய்ச்சொல்லை நம்பி அவள் தண்ணீர் குடிப்பதில்லை.