காருக்கு முன்னால் நின்றவர்

என்னிடம் வெள்ளைக்காரன் காலத்துக் கார் ஒன்று இருந்தது. வாரந்தோறும் மலையாள எல்லையோரச் சித்தூரிலிருந்து பொள்ளாச்சிச் சந்தைக்கு அதில்தான் போவேன். இன்சூரன்ஸ் இல்லாமல் வழியிலுள்ள கோபாலபுரம் எல்லைச் செக்போஸ்ட்டில் விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்காகக் காரைப் பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியானவர், அக்குளில் குடை. எந்த வண்டியானாலும் நேர் எதிரே நின்று வெகுநேரம் பார்ப்பது அவர் வழக்கமாம். கும்பிடுகிறார் என்று நினைத்து நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன்.

“பிரேக் எப்படீங்க?” என்றார்.

“பழனியாண்டவன் படம் உள்ள இருக்குதுங்க. ஒண்ணும் ஆகாதுங்க.”

“அப்படீங்களா? நான் இங்கயே நிக்கறனுங்க. அந்தப் புளியமரத்துல இருந்து வேகமா ஓட்டிட்டு வந்து எம்முன்னால நிறுத்துங்க.”

காரைப் புளியமரத்தடிக்குக் கொண்டுபோய்த் திருப்பி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். முருகனை மூன்று தரம் கூப்பிட்டேன். எதிரே நின்றவர் அசையவில்லை. நான் இறங்கி நடந்தே வந்தேன்.

“ஏனுங்க, படத்தக் கழட்டிட்டீங்களா?”

“படம் இருக்குதுங்க. பிரேக்குதானுங்க சந்தேகம்.”

பிரேக்கை மாற்றிய பிறகுதான் இன்சூரன்ஸ் எழுதித் தந்தார். என்னைக் காரிலிருந்து இறங்க வைத்து முருகன்தான் அவரைக் காப்பாற்றினான் என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். நான் ஓட்டி வந்திருந்தால் அந்த மனிதர் விலகியிருப்பாரா என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை.