கூடுதலாகக் கேட்டு வாங்கிய முடி

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, கிள்ளானில் என் அப்பா இறந்துபோன அன்று நடந்தது இது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் என் தலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் ஆண்களுக்கு நாற்பது வயதை ஒட்டி முடி விடைபெறத் தொடங்கிவிடும். அப்பா அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. எனக்கோ காப்புறுதி பாலிசி விற்கும் வேலை. தினமும் புதிய மனிதர்கள் முன்னால் போய் உட்கார வேண்டும். உச்சந்தலை தெரியத் தொடங்கியதும் எனக்குக் கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்காமல் போனது. வீட்டில் மனைவியிடம் மட்டும் சொல்லிவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் மாடியில் இருந்த ஒரு விக் கடைக்குப் போனேன்.

கடையில் இருந்த பெண் உள்ளங்கை அகலத்தில் நான்கு வலைத் துண்டுகளை மேசையில் பரப்பினாள். நான்கிலும் முடி தைத்திருந்தது. முதல் துண்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக. கடைசித் துண்டில் வாசலில் போடும் மிதியடி மாதிரிக் கறுகறுவென்று. வயதைப் பார்த்துத்தான் அடர்த்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். நாற்பதைத் தாண்டியவர்களுக்குச் சொந்த முடியே கொஞ்சம் தோல் தெரியத்தான் இருக்குமாம். அதிலும் முன்நெற்றிப் பக்கம் இன்னும் மெலிதாக இருந்தால்தான் பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வராதாம். காதோரம் மிச்சமிருக்கும் சொந்த முடியோடும் ஒத்துப்போக வேண்டுமாம். பொறுமையாக விளக்கினாள், எல்லாம் சரியாகத்தான் சொன்னாள். கடைசியில் சொன்ன ஒரு வார்த்தைதான் வினையாகப் போனது.

"அங்கிள், உங்க வயசுக்கு லைட் போதும் லா."

அங்கிளாம். நாசி கண்டார் கடையில் சோறு மிதக்கும் அளவுக்குக் குழம்பு ஊற்றச் சொல்லிச் சாப்பிடுகிறவன் நான். எதிலும் எனக்குக் கொஞ்சம் கூட வேண்டும். கடைசித் துண்டைத் தொட்டுக் காட்டி, இதுதான் வேண்டும் என்றேன். நிச்சயமாகவா என்று கேட்டாள். நிச்சயமாக என்றேன்.

தலையில் ஏறியதும் எனக்கு ஒரே பெருமை. மனைவி மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்களப் பாக்குற மாதிரி இல்ல" என்றாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

சொந்தக்காரர்களிடம் ஒரு மூலிகை எண்ணெய் தேய்த்து வளர்ந்தது என்று சொல்லி வைத்தேன். அதிலும் மாட்டிக்கொண்டேன். அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, அந்த எண்ணெயின் பெயரைச் சொல் என்று விடவில்லை. வாயில் வந்த ஏதோ ஒரு பெயரைச் சொன்னேன். பாவம், அவர் அதைத் தேடிப்பிடித்து வாங்கி விடாமல் தேய்த்தார். தலையணை உறை பாழானதுதான் மிச்சம்.

அப்பா மட்டும் எதுவும் கேட்கவில்லை. முதல் நாள் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார், பிறகு நாளிதழுக்குள் போய்விட்டார். ஆனால் வயதாக ஆக அவருக்குக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலிருந்தது. நான் குடியிருக்கும் பூச்சோங்கிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் கூடத்தில் உட்கார்ந்தாலே எழுந்து வந்து, நிற்கும் விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுவார். கிள்ளான் வெயிலில் இருவரும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இவர் ஏன் இப்படி ஆகிவிட்டார் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும்.

அப்பாவுக்குத் தூக்கத்திலேயே உயிர் போய்விட்டது. அதிகாலையில் அக்கா போன் செய்தார். போட்டது போட்டபடி மனைவியோடு காரில் கிளம்பினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். வழியில் ஷா ஆலாமைத் தாண்டும்போது எனக்கு அப்பாவின் முகம் ஞாபகத்தில் இல்லை. கொள்ளி வைப்பவன் மொட்டை போட வேண்டும் என்பதுதான் ஞாபகத்தில் இருந்தது. நான் ஒரே பையன்.

மனைவியும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். "பூமுடி மட்டும் எடுத்தா போதும்னு கேட்டுப் பாக்கலாமா?" என்றாள். ஒரு கொத்து முடியை மட்டும் நறுக்குவதைத்தான் பூமுடி என்போம். இந்தக் காலத்தில் சிலர் அப்படிச் செய்கிறார்கள்தான். வீட்டுக்குப் போனதும் மாமாவைத் தனியாக அழைத்து மெதுவாகக் கேட்டேன். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

"ஒரே ஆம்பளப் பிள்ள நீ. நீ மொட்ட போடாம வேற யாருடா போடுவா?" என்றார். கூடாரத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்குப் போய் மொட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். ஆள் வந்து காத்திருக்கிறார் என்றார்.

லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் வேலை செய்யும், தமிழ்நாட்டிலிருந்து வந்த முடிதிருத்துபவர் அவர். வீட்டு வாசலில், கூடாரத்துக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார்கள். ஒரு பக்கம் அப்பாவின் தாமான் குடியிருப்பு நண்பர்கள், ஒரு பக்கம் என் அலுவலகத்துக்காரர்கள், எதிரே மாமா. பெரிய விசிறி ஒன்று பேயாகச் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே அப்பா கிடக்கிறார், நான் இங்கே விக்கை ஒட்டியிருக்கும் டேப் பிடிக்குமா பிடிக்காதா என்று நடுங்கிக்கொண்டிருக்கிறேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அவர் கையில் தண்ணீரை எடுத்து என் தலையில் தடவினார். விரல்கள் முன்நெற்றிக்கு வந்து நின்றன. மெல்ல ஓரத்தை ஒரு முறை தொட்டுப் பார்த்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

"ஐயா, இந்த ஃபேன் காத்துல முடியெல்லாம் தண்ணி வச்சிருக்க பக்கம் பறந்துரும். பின்னாடி குழாய்கிட்ட வச்சு எடுத்துர்றேன்" என்று மாமாவிடம் சொன்னார். மாமாவும் கூடவே வரக் கிளம்பினார். "நீங்க அண்ணனுக்கு வேட்டி ஒண்ணு பாத்து எடுத்து வைங்கய்யா" என்று அவரையும் வேறு பக்கம் அனுப்பிவிட்டார்.

பின்கட்டில் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் உட்காரத்தான் இடம். சவரம் செய்தபின் தடவும் மருந்தைப் பஞ்சில் நனைத்து ஓரமெல்லாம் ஒற்றினார். டேப் இளகியதும் முன்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினார். வலியே இல்லை. ஆனால் அது தலையை விட்டு வந்த அந்த நிமிடம் எனக்கு அழுகை வந்துவிட்டது. செய்தி கேட்டதிலிருந்து நான் ஒழுங்காக அழுதிருக்கவில்லை. அப்பா போய்விட்டார் என்பது அப்போதுதான் எனக்குள் இறங்கியது.

"வலிக்குதாண்ணே?" என்றார். இல்லை என்று தலையசைத்தேன். நான் அழுது முடிக்கும்வரை கத்தியை எடுக்காமல் நின்றார். பிறகு மிச்சமிருந்த சொந்த முடியை மழித்தார். விக்கைத் துண்டில் சுற்றித் தன் பையில் வைத்துக்கொண்டு, "கடைக்கு வந்து வாங்கிக்குங்க" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வெளியே வந்ததும் மாமா என் தலையைத் தடவிப் பார்த்தார். "ஒரு கீறல் இல்லாம எடுத்திருக்கான். பாத்துக்கிட்டே இரு, இனிமே இன்னும் திக்கா வளரும்" என்றார்.

மின்சுடலையில் தகனமும் பிறகு காரியமும் முடிந்து சில நாட்கள் ஆகியிருக்கும். சொந்தமெல்லாம் கலைந்துபோய், கூடத்தில் நானும் அம்மாவும் மட்டும். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அம்மா எழுந்து போய் விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். ஏதோ ஞாபகம் வந்தவர்போல் நின்று, மறுபடியும் அதை என் பக்கமே திருப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். என்னம்மா என்று கேட்டேன்.

"நீ வந்தா திருப்பி வைக்கச் சொல்லுவாரு உங்கப்பா. காத்துல கழண்டு விழுந்துட்டா புள்ளைக்கு அவமானமாயிடும்னு. அந்தப் பழக்கம்" என்றார்.

எப்போதிலிருந்து தெரியும் என்று மட்டும் கேட்டேன்.

"மொத நாளே தெரியுமே. இவ்ளோ முடி உனக்கு இருவது வயசுலகூட இல்லையேப்பா."

காதோரம் முடி வளரச் சில மாதங்கள் ஆயின. அந்த முடிதிருத்துபவரின் கடைக்குப் போய் நன்றி சொன்னேன். பழைய விக்கைச் சீவி ஒரு பையில் போட்டு வைத்திருந்தார். அதை நான் மறுபடியும் போடவில்லை. பிரிக்பீல்ட்ஸ் கடையில் அதே பெண், அதே நான்கு துண்டுகள். கைப்பேசியில் இருந்த ஒரு பழைய படத்தைக் காட்டி, எங்கப்பாவுக்கு என் வயசுல எவ்வளவு இருந்ததோ அவ்வளவு போதும் என்றேன். உற்றுப் பார்த்துவிட்டு எல்லாவற்றிலும் மெலிதான முதல் துண்டை எடுத்து, நெற்றிப் பக்கம் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம் அங்கிள் என்றாள். இந்த முறை கோபம் வரவில்லை.

இப்போது யாருமே என் தலையைக் கவனிப்பதில்லை. மாமா மட்டும் ஒருநாள் வருத்தத்தோடு பார்த்து, "அப்பா போன கவலையில பாதி முடி கொட்டிருச்சே" என்றார். எண்ணெய் விசாரணையும் அத்தோடு நின்றது.

கிள்ளானுக்குப் போகும்போதெல்லாம் விசிறி இப்போது நேராக என் முகத்தில் வீசுகிறது. நெற்றி முடி லேசாகக் கலைகிறது, நான் அதைப் பிடித்துக்கொள்வதில்லை. எனக்கு முடி இல்லை அப்பா என்று ஒரே ஒரு முறை வாய்விட்டுச் சொல்லியிருந்தால், அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் நாங்கள் இருவரும் அந்தக் கூடத்தில் நன்றாகக் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கலாம்.