ஏசி ஓட ஓடப் பதிந்த ஒன்பது பாட்டு

1. உட்கார்ந்துவிட்ட மனிதர்

ஏசியை அணைத்த பன்னிரண்டாவது நிமிடத்தில் சேவியர் மைக் ஸ்டாண்டைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாட்டு பாதியில் நின்றது. நான் கன்ட்ரோல் ரூமில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தேன். முதலில் வந்தது கோபம்தான், நல்ல டேக் போய்விட்டதே என்று. ஆளுக்கு என்ன ஆனது என்ற நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

தண்ணீர் கொடுத்தேன். அரை பாட்டிலைத் தலையில் ஊற்றிக்கொண்டு, "என்ன பாய், எங்கள உள்ள வச்சு ஆட்டுக்கால் சூப்பு வைக்கியளா?" என்றார்.

கிட்டார் வாசிக்கிற ரொஷான் இலங்கை மன்னார்க்காரர், அண்ணன் என்பதை நானா என்பார். அவர் சிரிக்கவில்லை. "நானா, கம்பி சுடுது. ஒரு பாட்டு முடியிறதுக்குள்ள சுருதி இறங்கிப் போகுது. இப்பிடி வாசிக்கேலாது" என்றார்.

அது ஜூலை மாதம், அபுதாபியை ஒட்டிய முசஃபாவில், ஒரு கேரேஜுக்கு மேலே இருக்கும் என் ஸ்டுடியோ. அவர்கள் நான்கு பேரும் ருவைஸ் ஆயில் பிளான்ட்டில் வேலை. சேவியர் சாரம் கட்டுகிற ஸ்கஃபோல்டிங் ஃபோர்மேன், தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர். டிரம்ஸுக்கு ஒரு கோவாக்காரர், பேஸ் கிட்டாருக்கு ஒரு பிலிப்பினோ. புளூஸ், கன்ட்ரி ராக் என்று அவர்கள் சொல்கிற பாட்டைத் தமிழில் பாடுவார்கள். பதினோரு வருடம் கேம்ப் ஹாலில் லீவு நாளில் பாடியவர்கள். ஒரு பாட்டைக்கூடப் பதிந்ததில்லை.

இப்போது சேவியரின் விசாவைக் கம்பெனி கேன்சல் செய்கிறது. அடுத்த வாரம் வியாழக்கிழமை ஃப்ளைட். பாட்டு எழுதுவதும் பாடுவதும் அவர்தான் என்பதால், அவர் போனால் பேண்ட் இல்லை. நான்கு பேருக்கும் சேர்ந்து லீவு கிடைப்பது ஞாயிறு மட்டும். கையில் இருந்தது இரண்டு ஞாயிறு. முதல் ஞாயிறு இப்படி ஒரு பாட்டும் இல்லாமல் முடிந்தது.

"ஊர்ல போய் நல்ல ஸ்டுடியோவுல பாடுங்களேன்" என்றேன், அலுப்பில்.

"ஊருக்குப் போனா நான் சேவியர் மாமா, பாய். கோயில் கமிட்டியில உக்கார வச்சிருவாவ. இங்கதான் நான் பாட்டுக்காரன்."

2. நான் யார் என்பது

எட்டாம் வகுப்பில் ஃபெயில். ஏசி மெக்கானிக்குக்கு ஹெல்பராக இந்த நாட்டுக்கு வந்தேன். கூரை மேல் வெயிலில் கம்ப்ரசர் மாற்றியவன், இன்று மூன்று ரூம் உள்ள ஸ்டுடியோவுக்கு ஓனர். எவனும் கைபிடித்துச் சொல்லித் தரவில்லை. ரேடியோ விளம்பரம், பள்ளிக்கூட விழா, குர்ஆன் ஓதுகிற கிராஅத், கம்பெனிகளின் சேஃப்டி அறிவிப்பு எல்லாம் என்னிடம் வரும். காரணம் ஒன்றே ஒன்று. என் பதிவில் குரலைத் தவிர ஒன்றும் கேட்காது. டிகிரி முடித்த இன்ஜினியர்கள் வந்து, "எப்படி பாய் இவ்வளவு கிளீன்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

இந்த ஊரில் அது லேசான காரியம் இல்லை. ஏசி இல்லாமல் மனிதன் இருக்க முடியாது, ஏசி ஓடினால் மைக்கில் உறுமல் விழும். அதனால் ரூமைப் பதினாறில் வைத்துக் குளிர்த்துவிட்டு, அணைத்து, நான்கு நிமிடம் பதிவேன். மறுபடி போட்டுக் குளிர்த்துவேன். ஒருத்தர் நின்று பேசுவதற்கு அது போதும். நான்கு பேர், சூடு கக்குகிற வால்வ் ஆம்ப் இரண்டு, டிரம்ஸ் என்றால் ரூம் அடுப்பாகிவிடும். ஒவ்வொருத்தராகத் தனித்தனியாக வாசியுங்கள், நான் ஒட்டித் தருகிறேன் என்று சொன்னேன். சேவியர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துத்தான் வாசிப்பார்களாம்.

ஏசியைப் போடவும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

3. ஐஸ்

கடைசி ஞாயிறு காலையில் வண்டியிலிருந்து மீன் பெட்டி ஆறு இறங்கியது. உள்ளே ஐஸ் கட்டி.

"எங்க அப்பா போட்டுல அஞ்சு நாள் மீனையே கெடாம வச்சிருந்தாரு. நாங்க நாலு பேரு ஒரு நாள் தாங்க மாட்டமா?" என்றார் சேவியர்.

எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. அதுதான் வெட்கம். ஏசி தொழிலில் ஈரம் என்றால் என்ன என்று தெரிந்தவன் நான். பெட்டிகளைச் சுற்றிலும் வைத்து, கதவைச் சாத்தி, ஏசியை அணைத்தேன். முதல் பாட்டு நன்றாக வந்தது. இரண்டாவதில் நாலு பேர் மூச்சும் உருகிய ஐஸும் சேர்ந்து கண்ணாடி வியர்த்தது. அப்புறம் என் விலை கூடிய மைக் மூன்றும் எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி வெடிக்க ஆரம்பித்தன. நல்ல மைக்குக்கு ஈரம் ஆகாது. பதிந்த முதல் பாட்டைப் போட்டுப் பார்த்தால் அதிலும் பின்னால் சொட்டுச் சொட்டென்று தண்ணீர்.

பெட்டிகளை இறக்கி, தரையைத் துடைத்து, மைக்குகளைக் கழற்றிக் காயவைத்தபோது லுஹர் தொழுகை நேரம் தாண்டிவிட்டது. சேவியர் பாட்டு எழுதிய நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

"போடுறேன்" என்றேன்.

"எத?"

"ஏசிய. போட்டுத் தொலைக்கிறேன். பாடுங்க."

4. உறுமல்

பழைய விண்டோ ஏசி, சத்தம் பலம். அடிக்கு அஞ்சாத சாதா மைக்குகளை வைத்தேன். ரொஷான் கிட்டாரைத் தட்டிவிட்டுக் காதைச் சாய்த்தார்.

"நானா, உங்கட ஏசி உறுமல் ஜீ சுரத்தில நிக்குது. அதுக்குக் கொஞ்சம் மேல. நாங்க எல்லாரும் அதுக்கு ஏத்திக்கொண்டா அது பாட்டுக்குள்ளயே இருக்கும்."

"ஏசிக்கு சுருதி சேக்கப் போறியளா? நல்ல கூத்து வே" என்றார் சேவியர். ஆனால் நோட்டு வெளியே வந்துவிட்டது.

சேர்த்தார்கள். ஆனால் குளிர்ந்ததும் கம்ப்ரசர் நின்றுபோகும், உறுமல் போய்விடும். அங்கேதான் என் தொழில் வந்தது. முன்மூடியைக் கழற்றி, தெர்மோஸ்டாட்டைச் சுற்றி ஒரு வயரைப் போட்டு, கம்ப்ரசர் நிற்காமல் ஓடும்படி செய்தேன். ஐந்து நிமிட வேலை. ஸ்டுடியோ நடத்துகிற எவனுக்கும் இது தெரியாது.

அப்புறம் அவர்கள் நிற்கவில்லை. பிளான்ட்டை நிறுத்திப் பழுது பார்க்கிற ஷட்டவுன் முடிந்தால் ஊருக்குப் போவேன் என்று ஒருத்தன் வருடா வருடம் சொல்கிற பாட்டு ஒன்று. சாரத்தின் உச்சியில் நின்று கடலைப் பார்க்கிற பாட்டு ஒன்று. நடுவில் சேவியர் இருமினார், கோவாக்காரரின் டிரம் குச்சி ஒன்று உடைந்தது, யாரோ "சரி சரி, விடாத" என்று கத்தினார்கள். ஒன்பது பாட்டும் முடிந்து கேம்ப்புக்குக் கிளம்பும்போது வெயில் இன்னும் இருந்தது.

5. நான் செய்த வேலை

திங்களும் செவ்வாயும் வேறு வேலை எடுக்காமல் மிக்ஸிங்கில் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரில் உறுமலைத் தனியாகப் பிடித்து எடுத்தேன். இருமலை வெட்டினேன், கத்தலை வெட்டினேன். சேவியர் சுரத்துக்குக் கீழே இருந்து இழுத்து ஏறுகிற இடங்களை எல்லாம் நேராக்கினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நுணுக்கமாக வேலை செய்ததில்லை.

புதன்கிழமை கேன்சல் பேப்பரில் கையெழுத்துப் போட அபுதாபிக்கு வந்த சேவியர் மத்தியானம் ஸ்டுடியோவுக்கு வந்தார். மறுநாள் ஃப்ளைட். பெரிய ஸ்பீக்கரில் போட்டேன். முதல் பாட்டு முடியுமுன் கையைத் தூக்கினார்.

"பாய், இது யாரு?"

"நீங்கதான்."

"என் தொண்டையக் கழுவிக் காயப் போட்டுட்டியளே. நாங்க நாலு பேரும் எதையோ புடிச்சிக்கிட்டு நின்னோம். அத உருவிட்டிய. இப்ப அந்தரத்துல தொங்குறோம்."

நான் கத்தினேன். என் வயதென்ன, அனுபவமென்ன, ரெண்டு நாள் வேலை என்று கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு நேரம் இல்ல பாய். ஞாயித்துக்கிழம பாடுனத மட்டும் குடுங்க" என்றார்.

பதிந்ததை அப்படியே ஒரு பக்கம் வைத்துவிட்டுத்தான் நான் எதிலும் கை வைப்பேன். அந்தப் பழக்கம் காப்பாற்றியது. சத்த அளவை மட்டும் ஏற்றி இறக்கி, பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் முகம் கொடுக்கவில்லை.

மறுநாள் ஏர்போர்ட்டிலிருந்து கூப்பிட்டார். முந்தின நாள் கம்பெனி பஸ்ஸில் ருவைஸ் திரும்பும்போது டிரைவரிடம் பாட்டைப் போடச் சொன்னாராம். டிரைவர் பெஷாவர் பட்டான், தமிழ் ஒரு சொல் தெரியாது. ஒன்பதும் முடிந்ததும் திரும்பிப் பார்த்து, "பாய், ஃபிர் ஸே லகாவ்" என்றாராம், மறுபடி போடு என்று. கேம்ப் வரை ரெண்டாம் தடவையும் ஓடியதாம். "என் ஆல்பம் வெளியீட்டு விழா முடிஞ்சிட்டு பாய்" என்று சிரித்தார். போர்டிங் என்று போனை வைத்துவிட்டார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இதிலிருந்து என்ன சொல்வது? அழுக்கை எடுக்கத் தெரிவது பெரிய வித்தை. அதில் என்னை மிஞ்ச இந்த ஊரில் ஆள் இல்லை, இன்றும் சொல்வேன். ஆனால் எது அழுக்கு என்று பாடினவனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நான் கேட்டதே இல்லை. இத்தனை வருடத்தில் என் கையால் வெளுத்துப்போன குரல்கள் எத்தனை என்று இப்போது உட்கார்ந்து யோசித்தால் அசதியாக இருக்கிறது. அவர்கள் எல்லோரும் வாங்கிக் கேட்டுவிட்டு, "ரொம்ப கிளீன் பாய்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.