குச்சி மேடம் எண்ணிய மூன்றாவது துண்டு

"இந்த மண்ணுல வீடு வரணுமா, கடை வரணுமா, தக்காளி வரணுமா? நீயே சொல்லு."

குச்சி மேடம் ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் நசுக்கிக்கொண்டே கேட்டார். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு மாமா வீட்டுக்கு வந்திருந்த நான், "தெரியல மேடம்" என்றேன்.

"எனக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் சம்பளம் தர்றாங்க" என்று மண்ணை முகர்ந்துவிட்டுக் கீழே போட்டார்.

ஊரைச் சுற்றியுள்ள நிலத்தில் பாதி ஒரே கம்பெனிக்குச் சொந்தம். ஒரு பக்கம் வீடு கட்டி விற்கிறார்கள். இன்னொரு பக்கம் கடைகளையும் கிடங்குகளையும் வாடகைக்கு விடுகிறார்கள். கட்டிட வேலை தொடங்காத இடங்களைச் சும்மா போடாமல், பயிர் வைப்பவர்களுக்குக் குத்தகைக்குக் கொடுக்கிறார்கள். எந்தத் துண்டில் எது என்று பார்த்துக்கொள்வது மேடத்தின் வேலை. அவருடைய ஸ்கூட்டரில் எப்போதும் ஒரு கட்டுக் குச்சி இருக்கும். பயிருக்குப் பச்சைத் தலை, வாடகைக்கு நீலம், கட்டிடத்துக்குச் சிவப்பு. நாலு மூலையிலும் சிவப்பு நட்டால்தான் புல்டோசர் உள்ளே இறங்கலாம்.

நடக்கும்போது அவர் வாய் சும்மா இருக்காது. கடைக்காரரிடம், "அண்ணே, கூரை ஒழுகுதுன்னு சொன்னீங்களே, இன்னும் ஒழுகுதா, இல்ல பழகிடுச்சா?" வீடு வாங்க வந்தவர்களிடம், "ஜன்னல்ல தோட்டம் தெரியுதுன்னு மயங்கிடாதீங்க. அடுத்த வருஷம் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும்." விற்பனைப் பிரிவுக்காரர்கள் இவர் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே வந்தவர்களை மாடிக்கு அழைத்துப் போய்விடுவார்கள்.

"ஆளு பொய் சொல்லலாம், காகிதம் பொய் சொல்லலாம். என் குச்சி சொல்லாது" என்பார்.

போன மாதம் அந்தக் குச்சியும் பொய் சொன்னது.

வரிசையாக ஆறு துண்டுகள், ஆறிலும் தக்காளி. பழைய சாலையிலிருந்து எண்ணினால் மாமா குத்தகைக்கு எடுத்தது நாலாவது. காய் அப்போதுதான் சிவக்கத் தொடங்கியிருந்தது. மூன்றாவதில் அறுவடை முடிந்துவிட்டது. வீடு கட்டப்போவது அங்கேதான். ஆனால் குச்சி நட வந்த அன்று மாலை நல்ல மழை, இருட்டு வேறு. பழைய சாலை சேறாகியிருந்தது. மேடம் மறுபக்கம் புதிதாகப் போட்ட சாலை வழியாக வந்தார். அங்கிருந்தே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, சிவப்புக் குச்சிகளை நட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் புல்டோசர் வந்தது. ஏழெட்டுச் செடிகள் சாய்ந்த பிறகுதான் அத்தை ஓடிப்போய் அதன் முன்னால் நின்றார்.

"இறங்குப்பா கீழே! காய் தொங்குறது கண்ணுக்குத் தெரியலையா?"

"காய் தெரியுதுக்கா. குச்சியும் தெரியுதே" என்றார் ஓட்டுநர். "திரும்பிப் போனா என் வேலை போயிடும்."

மாமா போன் செய்ய, கால் மணி நேரத்தில் மேடம் வந்தார். புதுச் சாலையில் நின்று எண்ணினார். பழைய சாலைக்கு நடந்துபோய் அங்கிருந்தும் எண்ணினார். "புதுச் சாலையிலிருந்து மூணு, பழைய சாலையிலிருந்து நாலு" என்று முணுமுணுத்தபடி திரும்பி வந்தார். யாரோ குச்சியைப் பிடுங்கி மாற்றி நட்டுவிட்டார்கள் என்று அவர் சொல்லியிருந்தால், குத்தகைக்காரரான மாமாவால் என்ன செய்திருக்க முடியும்?

மேடம் மேலதிகாரியைக் கூப்பிட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், குச்சியை இடம் மாத்தி நட்டுட்டேன். தப்பு என்னோடது. மெஷினை மூணாவது துண்டுக்கு அனுப்புறேன்."

"எழுத்துல தரணும்மா. உங்க பதிவுல ஏறிடும்."

"ஏறட்டும் சார்."

"பதினஞ்சு வருஷத்துல ஒரு தப்புகூட பண்ணாத ஆளாச்சே?"

"இன்னைக்குத்தான் ஆரம்பிச்சிருக்கேன் சார்."

ஓட்டுநர் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அத்தைக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

புல்டோசர் பின்வாங்கிப் போனது. மேடம் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார். சாய்ந்த செடிகளில் வேர் அறாதவற்றை ஒவ்வொன்றாக நிமிர்த்தி மண் அணைத்தார். கடைசிச் செடி நிற்கவில்லை. கட்டக் கயிறும் இல்லை. கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, அதன் நாடாவால் செடியைப் பக்கத்தில் ஊன்றியிருந்த கொம்போடு சேர்த்துக் கட்டினார்.

குத்தகை நிலத்தில் பயிர் வைத்திருப்பவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் இதைச் சொல்லுங்கள். கம்பெனி ஆபீசில் இருப்பவர் யாராவது தெரிந்தால், முதலில் அவரிடம் சொல்லுங்கள்.