நான் தேறிய சோதனை

எழுபதுகளில் தேனிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். பழங்காலத்தில் அரசன் அமைச்சரை எப்படித் தேர்ந்தெடுத்தான் என்ற பாடம் எனக்குப் பிடித்தது. நல்ல குடிப்பிறப்பு, கல்வி, நினைவாற்றல் எல்லாம் இருந்தாலும் போதாது. ஒற்றரை அனுப்பிச் சோதிக்க வேண்டும்: அறம், பொருள், இன்பம், உயிர்ப்பயம் என்று நான்கு வகையில். அறச் சோதனையில் ஒற்றன் வந்து, ‘நம் அரசன் நெறி தவறிவிட்டான், வேறொருவரை அமர்த்துவோம், எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள், நீ என்ன சொல்கிறாய்?’ என்று கேட்பான். மறுப்பவன் தேறியவன்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது இதைப் பக்கத்து இருக்கைத் தோழியிடம் சொன்னேன். அவள் தமிழ் ஆசிரியை. “நல்லாயிருக்கேக்கா” என்று சிரித்தாள்.

அந்த வருடம் துணை முதல்வர் பதவி காலியானது. நானும் வேதியியல் ஆசிரியர் ஒருவரும் வரிசையில் இருந்தோம். அதே சமயம், திருவிழாவுக்கு லீவு போட்டார்கள் என்று கூட்டிப் பெருக்கும் பெண்கள் மூவரைத் தாளாளர் வேலையை விட்டு நிறுத்தினார். தோழி ஒரு காகிதத்தோடு வந்தாள்.

“அக்கா, இது அநியாயமில்லையா? தாளாளரை மாத்தணும்னு எழுதிருக்கு. எல்லாரும் கையெழுத்துப் போடுறேன்னுட்டாக. நீங்க?”

எனக்கு ஊருக்குப் போகும் தேவாரம் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. வீட்டில் மாமியாருக்குக் காய்ச்சல். “என்னைய விட்டுரும்மா” என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அந்தப் பெண்களைப் பற்றி யோசிக்கவே இல்லை.

வேதியியல் ஆசிரியர் கையெழுத்துப் போட்டார். ஒரே வாரத்தில் அவரை வெளியே அனுப்பினார்கள்.

தாளாளர் என்னைக் கூப்பிட்டுத் துணை முதல்வர் பதவிக்கான உத்தரவைக் கையில் கொடுத்தார். “அந்தக் காகிதம் நான் அனுப்புனதுதாம்மா. உங்க பாடத்துலயே இருக்காம்ல, உங்க சிநேகிதிதான் சொன்னாக. நீங்க தேறிட்டீக.”

“சரிங்கய்யா” என்றேன். உத்தரவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். தோழியிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அவள் நீட்டிய புளிச்சோற்றை வாங்கிச் சாப்பிட்டேன். அந்தப் பாடத்தையும் வருடா வருடம் நடத்தினேன். குரல் மாறவில்லை.

நெடுநாள் கழித்துப் பெரியகுளம் பஸ் ஸ்டாண்டில் அந்த வேதியியல் ஆசிரியரைப் பார்த்தேன். கடமலைக்குண்டில் டியூஷன் எடுக்கிறாராம்.

“அந்தப் பொம்பளைக மூணு பேரையும் திரும்பச் சேத்துக்கிட்டாகளா மேடம்?”

“இல்ல சார்.”

தலையாட்டினார். பிறகு என் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன்.